அரிசிப் பெட்டி போதும், உட்கார ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க மருத்துவமனைகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் இன்றைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, எல்லாருக்கும் 'மிஸ்ஸி'தான், இங்கே தாதியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எழுதியது சாக்கடை அடைப்பைப் பற்றி, நீங்கள் அதைப் போட்டீர்கள், மாநகர் மன்றத்துக்காரர்களும் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் அகதிகளுக்குச் சாமான் கொடுக்கும் நிகழ்ச்சி நடந்தது. எந்த அமைப்பு என்று எழுதப்போவதில்லை, கெட்ட எண்ணம் பிடித்தவர்கள் யாரும் அதில் இல்லை, நானே அங்கே பெயர் எழுதிக்கொள்ளும் வேலையில்தான் இருந்தேன். ஒரு பெட்டியில் ஐந்து கிலோ அரிசி, சமையல் எண்ணெய், மீஹூன், நாலு சார்டின் டின், ஒரு பாக்கெட் மைலோ. காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்றரைக்கு. அதுவரைக்கும் அந்த ஜனங்கள் மண்டபத்துக்கு வெளியே, வெயிலில், பிளாஸ்டிக் கயிறு கட்டிய வரிசையில் நின்றார்கள். உள்ளே நாற்காலி இல்லாமல் இல்லை, இருநூறு நாற்காலி சுவரோரம் அடுக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டால் மறுபடி அடுக்க ஆள் இல்லை என்று யாரோ சொன்னார்கள், சரி என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

வரிசையில் பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ ஒரு பெண், முப்பது வயது இருக்கும், இடுப்பில் ஒரு பையன். போட்டோ எடுப்பவர் "சிரிங்க, சிரிங்க" என்றதும் அவள் பெட்டியை உயர்த்தி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் ஏழெட்டுக் கிலோ பெட்டி, கை நடுங்குவது எனக்குத் தெரிகிறது. "பெட்டியக் கொஞ்சம் இறக்குமா, முகம் தெரியட்டும்" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். இறக்கினாள். படம் எடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து பசார் மாலாம் இரவுச் சந்தையில் அவளைப் பார்த்துக் கூப்பிட்டேன். காது கேட்காத மாதிரி போனாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, நின்றாள். யாழ்ப்பாணப் பேச்சு. படம் பேஸ்புக்கில் வந்ததாம், வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் பார்த்தாராம், "நீங்க அகதின்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே, பிடிச்சா எனக்குத்தானே ஃபைன்" என்று மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். "அன்ரி, அரிசி கடையில கடனுக்கும் தருவினம். அந்தப் படத்த இனி ஆர் அழிக்கிறது?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, மீன் என்ன விலை என்று கேட்கிற மாதிரி கேட்டாள். என் கையில் அப்போதுதான் வாங்கிய அப்பம் பாலிக் பலகாரம் இருந்தது. அதைப் பையனிடம் நீட்டினேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அமைப்புக்காரர்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன், படத்தை எடுத்துவிட்டார்கள். வீடு போனது போனதுதான்.

அகதி என்றால் நம்மில் பலருக்கு ரொஹிங்யாதான் நினைவுக்கு வரும். ஐநா அகதிகள் ஆணையத்தில் பதிந்து இந்த நாட்டில் இருப்பவர்கள் 180,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், ரொஹிங்யா மட்டுமே 100,000 பேரைத் தாண்டும், அப்புறம் சின் மக்கள். ஆனால் பாகிஸ்தான், ஏமன், சிரியா, சோமாலியா, ஆப்கானிஸ்தான், பாலஸ்தீனம் என்று இன்னும் பல நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், இலங்கைத் தமிழர்களும் இருக்கிறார்கள். 2010 ஏப்ரலில் நம் பினாங்குக் கடலில் 75 இலங்கைத் தமிழர்களோடு ஒரு படகு வந்து நின்றதும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர்கள் கரையிறங்க மறுத்ததும் பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நம்மவர்கள் கூடிக் கூடிப் பேசினோம். அப்புறம் மறந்துவிட்டோம்.

மறந்தது நாம்தான், அகதிகள் இங்கேயேதான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்ப முடியாது. மூன்றாவது நாடு ஏதாவது கூப்பிட்டுக்கொள்ளும் என்று காத்திருக்கலாம், ஆனால் உலகம் பூராவும் உள்ள அகதிகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வருஷத்தில் அந்த இடம் கிடைப்பதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் கதவைச் சாத்தியபோது டிக்கெட் கைக்கு வந்தவர்களுக்கே பயணம் ரத்தாகிப் போனது. இங்கே இருக்கலாமே என்றால், 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் மலேசியா கையெழுத்துப் போடவில்லை, நம் குடிநுழைவுச் சட்டம் அகதியையும் கள்ளத்தனமாக வந்தவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பத்திரம் இல்லாமல் உள்ளே வந்ததற்கு ஐந்து வருஷம் வரை சிறை, 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஆறு பிரம்படி வரை என்று சட்டத்தில் இருக்கிறது. ஐநா ஆணையம் கொடுக்கும் அகதி அட்டை, யூஎன் கார்டு என்போம், அது கையில் இருந்தால் பல நேரம் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். அது பாஸ்போர்ட்டும் இல்லை, வேலை பெர்மிட்டும் இல்லை. 2017இல் 300 ரொஹிங்யாக்களுக்குத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சட்டப்படி வேலை கொடுக்கிறோம் என்று ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பித்தார்கள், அது சரியாகக் கால் ஊன்றவே இல்லை. ஆகவே எல்லாரும் கார் கழுவுகிற இடத்திலும் கட்டடத்திலும் பசாரிலும் கோசோங்காக, அதாவது பெர்மிட் இல்லாமல்தான் வேலை செய்கிறார்கள், சம்பளம் கொடுக்காமல் விரட்டினால் போய்ச் சொல்ல இடம் கிடையாது.

மருத்துவமனைக் கதை எனக்குத் தெரிந்த கதை. அரசாங்கக் கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளி. வெளிநாட்டுக்காரருக்குப் பல மடங்கு, கார்டு இருந்தால் அதில் பாதி கழிப்பார்கள். வார்டில் சேர வேண்டுமென்றால் முன்பணம் கட்டவேண்டும், அதில் பாதியும் பெரிய தொகைதான். பத்திரம் இல்லாதவர்களைப் பற்றிக் குடிநுழைவுத் துறைக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2001இல் ஒரு சுற்றறிக்கை போட்டது. அதை நாங்கள் எல்லாரும் வாசித்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். இதன் விளைவு என்ன தெரியுமா? எட்டு மாதம், ஒன்பது மாதம் வரைக்கும் ஒரு தடவைகூட பிளட் பிரஷர் பார்க்காத பிள்ளைத்தாய்ச்சிகள், ராத்திரி இரண்டு மணிக்கு வலி தாங்காமல் கிராப் டாக்சி பிடித்து வருவார்கள். கால் வீங்கி, கண் இருட்டிக்கொண்டு. அப்போது எங்களுக்கு எரிச்சல் வரும், "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்" என்று மலாயில் ஒரு அதட்டு அதட்டுவோம். அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். கேட்டால் சொல்லிக் கொடுக்க அவளுக்கு ஓர் ஆள் இல்லை, கேட்பதற்குப் போய் உட்கார ஓர் இடம் இல்லை.

இந்தக் கடிதம் அந்த இடத்துக்காகத்தான்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகிற வழி நெடுக நாம் தண்ணீர் பந்தல் போடுகிறோம். கம்பெனிக்காரர்கள் போடுகிறார்கள், சங்கங்கள் போடுகின்றன, நாலு நண்பர்கள் சேர்ந்தும் போடுகிறார்கள். சீனர் வருகிறார், வெள்ளைக்காரர் வருகிறார், பங்களாதேஷ் பையன்கள் கூட்டமாக வந்து மோர் குடித்துவிட்டுப் போகிறார்கள். நீ யார், உன் ஐசி (அடையாள அட்டை) எங்கே, எத்தனை பேர் உன் வீட்டில் என்று பந்தலில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான், உட்கார்ந்தவனுக்கு முன்னால் இலை விழும், பரிமாறுகிறவன்தான் நடந்து வருவான். இந்த மரியாதை தெரிந்த ஜனங்கள் நாம், அகதிக்குக் கொடுக்கும்போது மட்டும் எப்படிக் கயிறு கட்டி வெயிலில் நிற்க வைக்கக் கற்றுக்கொண்டோம் என்று எனக்குப் புரியவில்லை.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. வாரத்தில் மூன்று நாள், காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை திறந்திருக்கும் ஒரு கூடம். உள்ளே வந்தால் நாற்காலி. ஒரு ஓரத்தில் சாத்திக்கொள்ளக்கூடிய கதவோடு ஓர் அறை, ஏனென்றால் சில விஷயத்தைப் பத்துப் பேர் நடுவில் சொல்ல முடியாது, வயிற்றுப் பிள்ளையைப் பற்றியோ அடிக்கிற புருஷனைப் பற்றியோ மேசையைச் சுற்றி ஆள் நிற்கும்போது எந்தப் பெண் வாய் திறப்பாள்? சுத்தமான கழிவறை. தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கெட்டில், அதை வருகிறவர்களே போட்டுக் குடிக்கட்டும், நாம் ஊற்றிக் கொடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். போன் சார்ஜ் போட நாலு பிளக்கு. வாசலில் பெரிய எழுத்தில், தமிழிலும் மலாயிலும், "இங்கே படம் எடுக்கக் கூடாது" என்று ஒரு பலகை, அது சிறப்பு விருந்தினருக்கும் சேர்த்துத்தான்.

போன் சார்ஜ் என்றதும் சிரிக்காதீர்கள். அகதிக்குப் போன் நம்பர்தான் விலாசம். இன்டர்வியூ, கார்டு புதுப்பிப்பது எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். சிம் கார்டோ பல பேருக்குச் சொந்தப் பெயரில் இருக்காது, முதலாளி பெயரிலோ சிநேகிதன் பெயரிலோ இருக்கும், அவன் ஊரைவிட்டுப் போனால் நம்பரும் போச்சு, வரவேண்டிய அழைப்பும் போச்சு. அழைப்பு வந்தாலும் இங்கிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ராத்திரி பஸ் பிடித்து, வழியில் ரோட் பிளாக் இருக்குமோ என்று விழித்துக்கொண்டே போய், காலையில் புக்கிட் பெட்டாலிங்கில் உள்ள ஆணைய அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். கைப்பிள்ளைக்காரி தனியாக இதைச் செய்கிறாள். நம்மில் ஒருத்தி கூடப் போனால் என்ன? மையம் என்று ஒன்று இருந்தால் இந்த வாரம் யார் போகிறார்கள், யார் துணை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்.

பிறப்புப் பதிவு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், இது என் வயிற்றெரிச்சல். இந்த மண்ணில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ் எடுக்கலாம், அகதிப் பிள்ளையாக இருந்தாலும் சரி. குடியுரிமை இல்லாதவர் என்று போட்டுத்தான் வரும், ஆனால் வரும். 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். இது தெரியாமலோ, கவுன்டரில் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்திலோ விட்டுவிடுகிறார்கள். நாள் கடந்தால் தாமதப் பதிவு, அதற்கு இன்னும் பத்திரம், இன்னும் அலைச்சல். கல்யாணச் சான்றிதழ் படகிலேயே நனைந்து போயிருக்கும், தகப்பன் டிப்போவில், அதாவது குடிநுழைவுத் தடுப்பு முகாமில் இருப்பான். ரொஹிங்யாப் பெண் ஒருத்திக்கு நான் வார்டில் இருந்தபோது ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கையில் கொடுத்து, "இதைத் தொலைக்காதே, இது உன் மகளுக்குத் தங்கம்" என்றேன். அவள் அதை மடித்து மடித்து, தீப்பெட்டி அளவுக்கு ஆக்கி, கழுத்தில் கட்டியிருந்த துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு ரொஹிங்யாப் பேச்சு வராது, அவளுக்கு அப்போது மலாய் வராது, அடுத்த கட்டிலில் மணி அடித்தது, போய்விட்டேன். பத்து நிமிஷ வேலை. மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்க முடியும்.

"மொதல்ல நம்ம ஜனங்களப் பாருங்க மிஸ்ஸி" என்று சொல்பவர்கள் உண்டு. என் தம்பியே சொன்னான். நியாயம் இல்லாத பேச்சு என்று நான் சொல்லமாட்டேன். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசியோடு தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே செத்துப்போன கிழவிகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் இல்லை என்று ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிய கதையை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லாத இந்தியப் பிள்ளைகள் இருக்கிறார்கள், 2011இல் பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிய மைடஃப்தார் என்று ஓர் இயக்கம் நடத்தித்தான் பாரம் எழுதினோம், எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், பாரம் ஏறக்குறைய ஒன்றுதான், கவுன்டர் ஒன்றுதான், எழுதத் தெரிந்த ஆளும் ஒருவர்தான். நான் சொல்லும் மேசைக்கு இந்தப் பக்கம் ரொஹிங்யாக்காரி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் நம் பட்டர்வொர்த் மாக் மண்டின் கிழவியும் உட்காரலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. நம் ஆளுக்கு என்று தனியாக ஒரு மேசை இன்றைக்கு எங்கே இருக்கிறது, அதையாவது காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இரண்டாவது பயம் சட்டம். இதைப் பூசி மெழுகக் கூடாது. குடிநுழைவுச் சட்டத்தில் 55-ஈ என்று ஒரு பிரிவு இருக்கிறது, பத்திரமில்லாதவரைத் தன் இடத்துக்குள் வரவோ இருக்கவோ விடுகிற கட்டடக்காரருக்குத் தலைக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், பன்னிரண்டு மாதம் வரை சிறையும் வரலாம். அந்த வீட்டுக்காரர் பயந்ததும் இதற்குத்தான், அவரை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. ஆகவே மையத்தில் யாரும் இரவு தங்கக் கூடாது, பகலோடு சரி. முதலில் கார்டு உள்ளவர்களோடு ஆரம்பிக்கலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கில் இருக்கிறது, திறப்பதற்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்து எழுத்தில் ஆலோசனை வாங்கவேண்டும், போலீசுக்கும் மாநில அரசுக்கும் நாமே முன்கூட்டிக் கடிதம் கொடுத்துவிட வேண்டும், ஒளிந்து செய்தால்தான் சந்தேகம். இப்படி எல்லாம் செய்த பிறகும் கொஞ்சம் ஆபத்து மிச்சம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் வந்தால் போதும்.

பயம் அவர்கள் பக்கம் எவ்வளவு என்பதற்கு நம் ஊர்ப் பக்கமே சாட்சி. 2022 ஏப்ரல் 20ஆம் தேதி விடியற்காலை சுங்கை பாக்காப் தற்காலிக டிப்போவிலிருந்து 528 ரொஹிங்யாக்கள் தப்பி ஓடினார்கள். ஜாவி பக்கம் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும்போது வண்டி மோதி ஆறு பேர் செத்தார்கள், அதில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். நான் என் மகள் வீட்டுக்குப் போக அந்தச் சாலையில்தான் போகிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பயிற்சி முடித்து எனக்கு முதல் வேலை கோலா திரங்கானுவில், 1982. எதிர்க்கடலில் பீடோங் தீவு. அந்தச் சின்னத் தீவில் 1979 வாக்கில் 40,000 வியட்நாமிய அகதிகள் வரை நெருக்கிக்கொண்டு இருந்தார்கள், நான் போனபோது கூட்டம் குறைந்திருந்தது, 1991இல்தான் முகாமை மூடினார்கள். தீவுக்குள் நான் போனதில்லை, அங்கிருந்து படகில் வரும் நோயாளிகளைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு துணைக்கு வரும் ஒரு பெண், சைகோனில் தாதியாக இருந்தவளாம், மொழிபெயர்ப்புக்கு வருவாள். முதல் நாள் ஓரமாக நின்றாள். இரண்டாம் நாள் எங்கள் வார்டு சிஸ்டர், பெரிய கண்டிப்புக்காரி, ஒரு வார்த்தை பேசாமல் தெர்மாமீட்டர் தட்டை அவள் கையில் கொடுத்தாள். அவள் அதை வாங்கிய விதம், உதறிவிட்டுப் பார்த்த விதம், அதிலேயே தெரிந்துவிட்டது இவள் எங்கள் ஆள் என்று. அந்தத் தீவில் பள்ளிக்கூடம், புத்தர் கோயில், தேவாலயம், தையல் கடை, ரொட்டி சுடும் கடை எல்லாம் அந்த ஜனங்களே கட்டிக்கொண்டது. இன்றைக்கு நம்மிடம் இருக்கும் அகதிகளிலும் ஆசிரியர் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது, அவர்களே கடைவீட்டு மாடியில் வகுப்பு நடத்துகிறார்கள். அதனால் மையத்தின் குழுவில் பாதிப் பேர் அவர்களாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். என்ன வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து பல ரொஹிங்யாப் பெண்கள் ஆண்கள் இருக்கும் இடத்துக்கு வரவே மாட்டார்கள், புதன்கிழமை காலை பெண்களுக்கு மட்டும் என்று வைத்தால் வருவார்கள். இதைச் சொல்லிக் கொடுத்ததும் ஒரு ரொஹிங்யாப் பெண்தான், எனக்குத் தானாகத் தோன்றவில்லை. நம் இந்திய முஸ்லிம் மாமாக் கடைக்காரர்களையும் பள்ளிவாசல்காரர்களையும் இதில் சேர்க்காமல் ஒன்றும் நடக்காது என்பதையும் அவள்தான் சொன்னாள்.

இடத்துக்காக நான் ஒரு கோயில் கமிட்டியிடம் போய்க் கேட்டேன். பெயர் வேண்டாம். கீழ்த்தளக் கூடம் திங்கள் முதல் வியாழன் வரை பூட்டித்தான் கிடக்கிறது. மரியாதையாக உட்கார வைத்து, காப்பி கொடுத்துப் பேசினார்கள். பொருளாளர் கடைசியில், "மிஸ்ஸி, சோறு போடணுமா, எவ்வளவு வேணும்னாலும் போடுவோம், அன்னதானத்துக்குக் குறையே இல்ல. ஆனா ஆபீஸ் மாதிரி வேணாம், தலைவலி" என்றார். நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சோறு போடுவது நமக்குப் பழக்கம், பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் சொல்வதைக் கேட்பது பழக்கமில்லை. இன்னொரு கமிட்டிக்காரர் கூட்டம் குவிந்துவிடும் என்றார். குவியட்டுமே, நேரம் கொடுத்து வரச் சொன்னால் கிளினிக் மாதிரி ஒழுங்காக வருவார்கள், நான் ஒரு நாளைக்கு இருநூறு பேரைச் சமாளித்தவள்.

பணக் கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன், என் பழைய டூட்டி ரோஸ்டர் நோட்டின் பின்பக்கத்தில். இடம் இலவசமாகக் கிடைத்தால் கரண்டும் தண்ணீரும் மாதம் 250 வெள்ளி, தேநீர் பிஸ்கட் 200, கோலாலம்பூர் போய் வர பஸ் காசும் மருத்துவமனைக்கு கிராப் காசும் 800, போட்டோஸ்டேட் காகிதம் 100. மொத்தம் 1,350 வெள்ளி. அந்த மண்டப நிகழ்ச்சியில் பேனருக்கும் மேடைப் பூவுக்கும் எவ்வளவு ஆனது என்று அவர்கள் எனக்கே சொன்னார்கள், இங்கே எழுதினால் சண்டை வரும்.

ஆள் பற்றிக் கவலை இல்லை. ஓய்வு பெற்ற தாதிகள் நாங்கள் நாலு பேர் இருக்கிறோம், பிரஷர் பார்ப்போம், கிளினிக் புத்தகம் எழுதிக் கொடுப்போம், ஊசி மருந்து எதுவும் கொடுக்க மாட்டோம், அது கிளினிக்கின் வேலை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பாரம் எழுத வருகிறேன் என்றார், அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், பெரிய எழுத்துப் பாரமாக இருந்தால் நல்லது என்றார். யாழ்ப்பாணப் பேச்சுக்கு அந்தப் பெண்ணே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் இப்போது பிறை பக்கம் இன்னொரு குடும்பத்தோடு ஓர் அறையில் இருக்கிறாள். போன வாரம் இதைப் பற்றிப் பேச அங்கே போனபோது என்னை வாசலில் நிற்க விடாமல் உள்ளே கூப்பிட்டு, இருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, தான் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "உங்களுக்குக் கரைச்சல் வரப்போகுது அன்ரி" என்றாள். வந்தால் பார்க்கலாம் என்றேன். தே ஓ போட்டுக் கொடுத்தாள், சீனி அதிகம்.

ஆசிரியர் அவர்களே, பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் கீழ்த்தளக் கூடமோ, காலியாகக் கிடக்கும் கடைவீட்டு முதல் மாடியோ வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், என் போன் நம்பரைத் தனியாக இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், அதைப் பத்திரிகையில் போட வேண்டாம். மாடியாக இருந்தால் படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துச் சொல்லட்டும், வயிற்றுப் பிள்ளையோடு ஏறுகிறவர்கள் வருவார்கள். மேசை ஒன்றும் நாற்காலி ஆறும் என் வீட்டில் இருக்கின்றன, லோரிக்கும் ஆள் சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மிஸ்ஸி,
பட்டர்வொர்த், பினாங்கு